புத்தகத்தைத் தேடாதீர்கள், குரலைத் தேடுங்கள்: ஆடியோ புத்தகம் கேட்க ஒரு கைடு

புதிதாக ஆடியோ புத்தகம் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, எந்தப் புத்தகம் கேட்கலாம் என்பது. யார் வாசித்தது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். அச்சுப் புத்தகத்தில் நீங்கள், எழுத்தாளர், அவ்வளவுதான். ஆடியோவில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் பத்து மணி நேரமோ இருபது மணி நேரமோ உட்கார்ந்திருக்கப் போகிறார். அவர் சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய எழுத்தாளர் எழுதியதாக இருந்தாலும் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்ட மாட்டீர்கள். அவர் நன்றாக அமைந்துவிட்டால் சுமாரான நாவலைக்கூட முடிவு வரை கேட்டுவிட்டு, இதையா இவ்வளவு நேரம் கேட்டோம் என்று அப்புறம் யோசிப்பீர்கள். இரண்டுமே எனக்கு நடந்திருக்கிறது.

கீழே இருப்பதெல்லாம் என்னுடைய ருசி. உங்களுக்கு ஒத்துவராத இடங்களில் தாராளமாகத் தள்ளிவிட்டுப் போகலாம், ஆனால் தேர்ந்தெடுக்கும் முறையை மட்டும் ஒருதடவை முயன்று பாருங்கள்.

சாம்பிளில் எதைக் கவனிப்பது

பெரும்பாலான ஆப்களில் சில நிமிடங்கள் இலவச சாம்பிள் உண்டு. அதை வீட்டில் அமைதியாக உட்கார்ந்து கேட்காதீர்கள். நீங்கள் நிஜமாகவே எங்கே கேட்கப் போகிறீர்களோ அங்கே கேளுங்கள், பஸ்ஸில் என்றால் பஸ்ஸில், சமையலறையில் என்றால் குக்கர் விசில் அடிக்கும்போது. அமைதியான அறையில் கம்பீரமாக ஒலிக்கும் அடித்தொண்டைக் குரல் பஸ் என்ஜின் சத்தத்தில் அப்படியே கரைந்துபோகும். கொஞ்சம் மெல்லிய, தெளிவான குரல்கள்தான் வெளியில் தாக்குப்பிடிக்கின்றன. இதை எந்த விமர்சனத்திலும் யாரும் எழுத மாட்டார்கள்.

தமிழ் ஆடியோ என்றால் நான் முதலில் பார்ப்பது வாக்கியத்தின் முடிவு. நம் மொழியில் வினை கடைசியில்தான் வருகிறது. வந்தானா வரவில்லையா, கொன்றானா கொல்ல நினைத்தானா என்பதெல்லாம் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. பழகாத வாசிப்பாளர் நீளமான வாக்கியத்தின் நடுவில் ஒவ்வொரு 'கொண்டு', 'விட்டு', 'ஆகவும்' வரும்போதும் குரலை இறக்கி முடித்துவிடுவார், உண்மையான முடிவுக்கு வரும்போது மூச்சு இருக்காது, வினைச்சொல் முனகலாகப் போய்விடும். நீங்கள் முப்பது விநாடி பின்னால் போய் மறுபடி கேட்க வேண்டும். பத்து மணி நேரப் புத்தகத்தில் இது எத்தனை தடவை நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நல்ல வாசிப்பாளர் வாக்கியத்தின் கடைசி வரை குரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் அங்கேதான் இறக்குவார். சாம்பிளில் ஒரே ஒரு நீளமான வாக்கியம் வந்தாலும் இது தெரிந்துவிடும்.

அடுத்தது உச்சரிப்பு. ழகரமும் ளகரமும் வராத வாசிப்பாளரைச் சிலர் மன்னிப்பார்கள், என்னால் முடியவில்லை. பெரிய குரல், அழகான ஏற்ற இறக்கம், ஆனால் பல்லியும் பள்ளியும் ஒரே மாதிரி வருகிறது என்றால் மூளை ஒவ்வொரு இடத்திலும் ஒரு கணம் நின்று திருத்திக்கொண்டு போகிறது, அரை மணி நேரத்தில் களைப்பாகிவிடும். அதே சமயம் மேடைத்தமிழ் மாதிரி ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி உச்சரிப்பவர்களும் வேண்டாம். அவர்கள் வாசித்தால் கதாபாத்திரம் தண்ணீர் கேட்பதுகூடப் பட்டிமன்றத் தீர்ப்பு மாதிரி இருக்கும்.

மூன்றாவது, உரையாடல். பெரும்பாலான தமிழ் நாவல்களில் கதை சொல்லும் பகுதி எழுத்துத்தமிழில் இருக்கும், பேச்சு பேச்சுத்தமிழில் இருக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் சத்தமில்லாமல் மாறத் தெரிய வேண்டும். சிலர் பேச்சுப் பகுதி வந்ததும் நாடகத்துக்குள் குதித்துவிடுவார்கள், பெண் பாத்திரம் என்றால் குரலைக் கீச்சென்று ஆக்குவார்கள், கிழவர் என்றால் இருமுவார்கள். ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்தைப் பேச வேகத்தைக் கொஞ்சம் மாற்றினாலே போதும், கீச்சுக்குரல் தேவையே இல்லை. சாம்பிள் பெரும்பாலும் புத்தகத்தின் ஆரம்பத்திலிருந்து எடுக்கப்படுவதால் வர்ணனை மட்டும் இருந்து பேச்சு வராமல் போகலாம். அப்போது அதே வாசிப்பாளரின் வேறொரு புத்தகத்து சாம்பிளைப் போட்டுப் பாருங்கள். ஆப்பில் வாசிப்பாளர் பெயரைத் தொட்டால் பெரும்பாலும் அவர் வாசித்த மற்றவை வந்து நிற்கும். எனக்கு அடுத்த புத்தகம் கிடைப்பதே பெரும்பாலும் இந்த வழியில்தான், எழுத்தாளர் பெயரை வைத்துத் தேடுவது குறைந்துவிட்டது.

கல்கியிலிருந்து ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை வாரப் பத்திரிகையில் தொடராக வந்த நாவல், அதனால் ஒவ்வொரு அத்தியாயமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கொக்கி. ஐந்து பாகம், 300-க்குச் சற்றுக் குறைவான அத்தியாயங்கள். காலையில் ஒன்று, ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று என்று கேட்க இதைவிடத் தோதான அமைப்பு கிடையாது. கல்கி 1954 டிசம்பரில் காலமானார், இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிகிறது, அதற்கும் முன்பே தமிழக அரசு அவர் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. ஆகவே யார் வேண்டுமானாலும் வாசித்துப் பதிவு செய்யலாம், செய்தும் இருக்கிறார்கள். உங்கள் பிரச்சினை எதை எடுப்பது என்பதுதான்.

இரண்டு வகை இருக்கிறது. ஒன்று பல குரல்கள், இசை எல்லாம் சேர்ந்த நாடக பாணி, பாம்பே கண்ணன் தயாரிப்பில் வந்தது இதில் பிரபலம். இன்னொன்று ஒரே ஆள் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிப்பது. வானொலி நாடகமும் ஞாயிற்றுக்கிழமை ஒலிச்சித்திரமும் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு முதல் வகை உடனே பிடித்துவிடும், காரில் குடும்பமாக நெடுந்தூரம் போகும்போதும் அதுதான் சரி, பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குக் குரலை வைத்தே யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிடும். நாவலை ஏற்கெனவே படித்திருக்கிறீர்கள் என்றாலும் அதையே எடுக்கலாம்.

தனியாக, ஹெட்போனில், முதல்தடவை கேட்கிறீர்கள் என்றால் ஒற்றைக் குரல் வாசிப்பையே சொல்வேன். காரணம், அந்த நாவலின் மிகச் சுவையான பாத்திரம் வந்தியத்தேவன் இல்லை, கல்கிதான். கதையை நிறுத்தி நம்மிடம் நேராகப் பேசுவார், கிண்டல் செய்வார், போன அத்தியாயத்தில் யாரை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்று நினைவுபடுத்துவார், நேயர்களே வாருங்கள் என்று கூப்பிட்டுத்தான் கதையையே ஆரம்பிக்கிறார். நாடகமாக்கும்போது பாத்திரங்கள் பெரிதாகிவிடுகிறார்கள், இந்த மனிதர் ஓரத்துக்குப் போய்விடுகிறார். ஒற்றைக் குரலில் அவர் முழுசாக இருக்கிறார்.

எந்த ஒற்றைக் குரல் என்று முடிவு செய்ய ஒரு சோதனை இருக்கிறது. பூங்குழலி படகில் பாடும் 'அலைகடலும் ஓய்ந்திருக்க' இடத்தைத் தேடிப் போட்டுக் கேளுங்கள். சிலர் சினிமாப் பாட்டு மாதிரி இழுப்பார்கள், சிலர் மளிகை லிஸ்ட் மாதிரி வாசித்துவிட்டுப் போவார்கள். பாடாமல், ஆனால் அது பாட்டு என்று தெரிகிற மாதிரி வாசிக்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள், ஆழ்வார்க்கடியானின் பாசுரங்களையும் அவர் ஒழுங்காகக் கரையேற்றுவார்.

ஒரு நடைமுறைக் குறிப்பு. பெயர்கள். அச்சில் பெரிய பழுவேட்டரையர், சின்னப் பழுவேட்டரையர், பார்த்திபேந்திரன், கந்தமாறன் எல்லாரும் கண்ணில் பட்டதும் தனித்தனியாகத் தெரிவார்கள், காதில் முதல் பாகம் முழுக்கக் குழப்புவார்கள். ஒரு துண்டுச் சீட்டில் பத்துப் பெயரை எழுதி ஃபோன் கவருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தில் அது தேவைப்படாது.

சிறுகதை, சுஜாதா, வட்டார வழக்கு

சிறுகதைத் தொகுப்பை ஆடியோவில் கேட்பதில் ஒரே ஒரு எதிரி உண்டு, ஆட்டோப்ளே. புதுமைப்பித்தன் கதை ஒன்று முடிந்த மூன்றாவது விநாடியில் அடுத்த தலைப்பை அறிவித்துவிடுகிறது ஆப். இப்போது கேட்டது என்ன என்று யோசிக்கக்கூட விடாது. செட்டிங்ஸில் அதை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள், இல்லையென்றால் ஸ்லீப் டைமரில் 'அத்தியாய முடிவில் நிறுத்து' என்பதைப் போட்டுவிடுங்கள், அது தூங்குவதற்கு மட்டும் உள்ள வசதி இல்லை. புதுமைப்பித்தனில் ஆரம்பிக்க 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சரியான கதை, பாதிக்குமேல் பேச்சு, அதிலும் இரண்டு பேர் மாறி மாறிப் பேசுவது. கந்தசாமிப் பிள்ளையின் அலட்சியம் குரலில் வந்துவிட்டால் கதை ஜெயித்துவிட்டது. கடவுளுக்கு எக்கோ போட்டு வாசிக்கிறவர்களைக் கண்டால் அடுத்த விநாடி வெளியே வந்துவிடுவேன், அந்தக் கதையில் கடவுள் காப்பி சாப்பிட வந்த ஆள், அசரீரி இல்லை.

சுஜாதா விஷயத்தில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. காதுக்கு ரொம்பப் பொருந்தும் எழுத்து மாதிரி தோன்றும், சின்ன வாக்கியம், வேகம், நிறையப் பேச்சு. ஆனால் அவர் பாதி வேலையைக் கண்ணுக்காகச் செய்தவர். மாடிப்படியில் ஆள் இறங்கினால் எழுத்துகளும் படிப்படியாக இறங்கும், அதை எப்படி வாசிப்பது? தவிர, அவருடைய வக்கீல் ஜோடி கணேஷும் வசந்தும் பேசும்போது யார் பேசியது என்று எழுதாமலேயே பத்து வரி போவார். அச்சில் மேற்கோள் குறி பார்த்துக்கொள்ளும், ஆடியோவில் வாசிப்பாளர் இரண்டு குரலையும் நூல் பிசகாமல் பிடித்திருந்தால்தான் தப்பிக்கலாம். ஆகவே இவருக்கு மட்டும் நான் இரட்டைக் குரல் அல்லது நாடக பாணிக்கு ஓட்டுப் போடுகிறேன். ராஜேஷ்குமார் மாதிரியான க்ரைம் நாவல்களுக்கு வேறொன்று வேண்டும். இரண்டு தடத்தில் கதை மாறி மாறி ஓடும், தடம் மாறும் இடத்தில் இரண்டு விநாடி மௌனமோ சின்ன இசைத் துணுக்கோ இல்லையென்றால் கோவையில் இருந்தவன் திடீரென்று சென்னையில் வேறு பெயரோடு நிற்பான். இது இருந்தால் நடைப்பயிற்சிக்கு இதைவிட நல்ல துணை இல்லை, வேகமாக நடப்பீர்கள்.

வட்டார வழக்கு எழுத்துக்குத்தான் ஆடியோ உண்மையில் வரப்பிரசாதம். கி. ராஜநாராயணனின் கரிசல் மொழியைச் சென்னையில் பிறந்தவர் அச்சில் படிக்கும்போது தட்டித் தடவித்தான் போக வேண்டியிருக்கிறது, அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் வாசித்தால் எல்லாம் தானாகப் புரிகிறது, அவரே எழுத்தைப் பேச்சாகத்தான் எழுதினார். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை'யில் தாமோதர ஆசான் கதை சொல்லும் பகுதிகளும் இப்படித்தான், உட்கார்ந்து கேட்கவே எழுதியது. ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு, வாசிப்பவர் அந்த மண்ணின் ஆளாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கை நடிக்காமல் சாதாரணமாக வாசித்துவிட வேண்டும். ஈழத்து எழுத்தைத் தமிழ்நாட்டு வாசிப்பாளர் தெனாலி பட பாணியில் வாசிப்பதைக் கேட்டால் பல் கூசும். யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டால் என்ன நினைப்பார் என்று ஒரு நிமிடம் யோசித்தால் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

இதற்கு நேரெதிர் அசோகமித்திரன். அவர் எழுத்தில் குரலே உயராது. அழ வேண்டிய இடத்தில் ஒரு தகவலைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அங்கே குரல் தழுதழுக்க வாசித்தால் கதை செத்துவிடும், செய்தி வாசிக்கிற மாதிரியே வாசித்தால் தொண்டை அடைக்கும். 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் பேசும் புத்தகங்கள் வர ஆரம்பித்த காலத்திலிருந்தே, வாசிப்பவர் நடிக்கலாமா கூடாதா என்ற சண்டை நடக்கிறது. எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பதில் கிடையாது என்பது என் கட்சி.

கதை வாசிப்பதும் கதை சொல்வதும் வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். பவா செல்லதுரை மாதிரி ஒருவர் ஒரு சிறுகதையை எடுத்துத் தன் மொழியில் சொல்வது தனிக்கலை, நானும் விரும்பிக் கேட்பேன். ஆனால் அதைக் கேட்டுவிட்டு அந்த எழுத்தாளரைப் படித்தாயிற்று என்று கணக்கில் எழுதக் கூடாது. யூடியூபில் தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும், முதல் நிமிடத்திலேயே எது என்று தெரிந்துவிடும்.

ஆங்கிலத்தில் கேட்கிறவர்களுக்கு

ஆங்கிலத்தில் பதிவுகள் ஏராளம் என்பதால் தேர்வு இன்னும் கறாராக இருக்கலாம். ஆங்கிலம் கேட்டுப் பழகாதவர்கள் தன்வரலாற்றில் ஆரம்பியுங்கள், அதுவும் எழுதியவரே வாசித்ததாக. நகைச்சுவைக் கலைஞர் ட்ரெவர் நோவாவின் 'பார்ன் எ க்ரைம்' தான் என் முதல் சிபாரிசு, ஒன்பது மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தபோது எந்தத் தெருவில் எந்த மொழி பேசினால் அடி வாங்காமல் தப்பலாம் என்று விவரிக்கும் பகுதிகள் உண்டு, அந்த மொழிகளை அவரே பேசிக் காட்டுகிறார், அம்மா மாதிரிப் பேசுகிறார். அச்சில் அது தகவல், காதில் அது நிகழ்ச்சி. மிஷேல் ஒபாமாவின் 'பிகமிங்' 2020-ல் கிராமி வாங்கியது, நிதானமான, தெளிவான குரல், ஆனால் பத்தொன்பது மணி நேரம் நீளம். சிகாகோவில் சின்னப் பெண்ணாக இருந்த பகுதிவரை அருமை. வெள்ளை மாளிகைக்குள் போனதும் வேகத்தை 1.3-க்கு ஏற்றிக்கொண்டேன்.

நாவலை எழுத்தாளரே வாசித்தால் உஷார். எழுதத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியாது. அமெரிக்க நாவலாசிரியர் டோனி மாரிசன் விதிவிலக்கு, ஏறக்குறைய ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாக வாசிப்பார், சிலருக்குத் தூக்கம் வரும், எனக்கு நடையை நிறுத்தி நிற்கத் தோன்றும்.

அச்சைவிட ஆடியோவில் மேல் என்று நான் அடித்துச் சொல்லும் நாவல் ஆண்டி வீயரின் 'ப்ராஜெக்ட் ஹெயில் மேரி', ரே போர்ட்டர் வாசித்தது. கதையைக் கெடுக்காமல் சொல்வதென்றால், அதில் இசைச் சுரங்களாகவே பேசும் ஒரு பாத்திரம் வருகிறது. அச்சில் அதற்கு இசைக்குறியீடு போட்டுக் காட்டுகிறார்கள், ஆடியோவில் நிஜமான சுரங்களே கேட்கின்றன. அந்தப் பாத்திரத்தின் மேல் பாசம் வருவதற்கு அந்தச் சத்தமே பாதிக் காரணம். அறிவியல் பகுதிகளில் கணக்கு அதிகம், புரியாவிட்டால் பின்னால் போகாதீர்கள், கதை உங்களைக் கைவிடாது.

நேர்மாறான உதாரணம் ஜார்ஜ் சாண்டர்ஸின் 'லிங்கன் இன் தி பார்டோ'. 2017-ல் புக்கர் வாங்கிய நாவல், ஆடியோவில் 166 பேர் வாசித்திருக்கிறார்கள், அந்த எண்ணிக்கையே பெரிய செய்தி ஆனது. எனக்கு ஒட்டவில்லை. நாவலின் கணிசமான பகுதி வேறு வேறு ஆதாரங்களிலிருந்து எடுத்த மேற்கோள்களின் தொகுப்பு மாதிரி எழுதப்பட்டது, ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் எந்த நூல், யார் எழுதியது என்று வரும். கண் அதைத் தாண்டிக் குதித்துவிடும். காதால் தாண்ட முடியாது. அச்சைக் கையில் விரித்து வைத்துக்கொண்டு கூடவே கேட்டால் அற்புதம் என்று சிலர் சொல்கிறார்கள், அப்படியென்றால் பாத்திரம் தேய்ப்பது யார்?

ஹாரி பாட்டரில் பிரிட்டிஷ் பதிப்புக்கு ஸ்டீபன் ஃப்ரை, அமெரிக்கப் பதிப்புக்கு ஜிம் டேல், உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. டேல் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் வைத்திருக்கும் வித்தைக்காரர். ஃப்ரை பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்கிறார். நான் ஃப்ரை கட்சி.

கட்டுரை நூல்களில் ஒரே விதிதான்: படம், அட்டவணை, புதிர் இருந்தால் அச்சில் வாங்குங்கள். டேனியல் கானமனின் 'திங்க்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ' ஆரம்பத்திலேயே இரண்டு கோடுகளைக் காட்டி எது நீளம் என்று கேட்கிறது. காதுக்கு எப்படிக் கோட்டைக் காட்டுவது? கூடவே ஒரு பிடிஎஃப் தருகிறார்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு அதைத் திறக்க முடியாது. வரலாறு, பயணம், வாழ்க்கை வரலாறு பிரச்சினை இல்லை. விடிகாலையில் எழுந்தால் கோடீஸ்வரன் ஆகலாம் வகையறா புத்தகங்களை 1.75 வேகத்தில் கேளுங்கள், ஒன்றும் தவறாது, ஒரே விஷயத்தைத்தான் பதினோரு அத்தியாயமாகச் சொல்கிறார்கள்.

வேகம், நேரம், இடம்

ஆங்கில ஆடியோ புத்தகம் சுமாராக நிமிடத்துக்கு 150 சொல் வேகத்தில் ஓடும். நாம் கண்ணால் படிப்பது அதைவிட வேகம், அதனால்தான் ஆரம்பத்தில் இழுவையாகத் தெரிகிறது. முதல் அரை மணி நேரம் 1.0-லேயே விடுங்கள், குரல் பழகட்டும், அப்புறம் 1.1, 1.2 என்று ஏற்றுங்கள். தமிழில் 1.25-க்கு மேல் நான் போவதில்லை, நம் சொற்கள் நீளமானவை, விகுதிகள் ஒன்றோடொன்று மோத ஆரம்பித்துவிடும். கவிதைக்கு வேகமே கூடாது. கம்பனை 1.0-ல், முடிந்தால் பதம் பிரித்து ஒருமுறை, சந்தத்தோடு ஒருமுறை என்று வாசிக்கும் பதிவாகத் தேடுங்கள். திருக்குறளை 1330-ம் வரிசையாக ஓடவிடுவது யாருக்கும் உபயோகமில்லை, ஓர் அதிகாரம், பத்துக் குறள், அதோடு நிறுத்தம்.

எந்த வேலையோடு கேட்பது என்பதும் முக்கியம். கை வேலை செய்து வாய்க்கும் கண்ணுக்கும் வேலையில்லாத எல்லாம் சரி: துணி மடிப்பது, கீரை ஆய்வது, நடப்பது, ரயில். சொற்களோடு செய்யும் வேலை எதுவும் சரிப்படாது, மெயில் எழுதிக்கொண்டே கேட்டால் இரண்டும் போகும். சமையலறையில் மிக்ஸி போடுமுன் நிறுத்த பட்டன் உள்ள சாதாரண வயர் இயர்போன் வசதி, மாவுக் கையோடு ஃபோனைத் தொட வேண்டியதில்லை. தெருவில் நடந்தால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். பைக் ஓட்டும்போது வேண்டவே வேண்டாம்.

படுக்கையில் கேட்கிறவர்கள் பதினைந்து நிமிட டைமர் வைத்து, ஏற்கெனவே தெரிந்த கதையைக் கேளுங்கள். புதுக்கதை என்றால் தூக்கம் கெடும், இல்லை கதை கெடும்.

காசு

ஆடிபிள் என்ற ஆடியோ புத்தக ஆப்பில் முக்கியமான முறை, சந்தாவோடு வரும் கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு புத்தகம், சந்தாவை நிறுத்தினாலும் வாங்கிய புத்தகம் உங்களிடம் இருக்கும். நீளமான, விலை அதிகமான புத்தகங்களுக்குக் கிரெடிட்டைச் செலவழியுங்கள், மூன்று மணி நேரப் புத்தகத்துக்கு வீணாக்காதீர்கள். இன்னொரு வகை ஆப்களில் மாதச் சந்தா கட்டினால் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், நிறுத்தினால் எல்லாம் போய்விடும். தமிழ் அதிகம் இருப்பது இரண்டாவது வகையில்தான் என்பது என் அனுபவம், ஆனால் அங்கே சுருக்கங்களும் நூறு எபிசோட் தொடர்களும் முழு நாவல்களோடு கலந்து கிடக்கும். முந்நூறு பக்க நாவல் நாற்பது நிமிடத்தில் முடிகிறது என்றால் அது சுருக்கம், வேறென்ன. மொத்த நேரத்தைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். இலவசம் என்று ஆரம்பித்து ஆட்டோபே போட்டுக்கொள்ளும் ஆப் ஒன்றிடம் எனக்கு ஒரு மாதப் பணம் போனது, அதிலிருந்து சேர்ந்த அன்றே யுபிஐ ஆப்பில் போய் அந்த அனுமதியை நீக்கிவிடுகிறேன்.

காசே செலவழிக்காமல் கேட்க லிப்ரிவாக்ஸ் இருக்கிறது, 2005-ல் ஆரம்பித்தது, பதிப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துக் கொடுக்கிறார்கள். ஆங்கில செவ்வியல் நாவல் எல்லாம் கிடைக்கும், தமிழ் குறைவு. அங்கே ஒரு சூட்சுமம்: ஒரே நாவலை அத்தியாயத்துக்கு ஒருவராகப் பலர் வாசித்திருப்பார்கள், முதல் அத்தியாயம் லண்டன், இரண்டாவது டெக்சாஸ் என்று குரல் மாறும். 'சோலோ' என்று போட்டிருக்கும் பதிவைத் தேடுங்கள். அவர்கள் தரும் 64 கேபிபிஎஸ் கோப்பு ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 எம்பி, பத்து மணி நேர நாவல் 300 எம்பிக்குள் அடங்கும், வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் மலைப்பாதையிலும் கேட்கலாம்.

தமிழில் ஆடியோவே இல்லாத புத்தகத்துக்கு ஃபோனையே வாசிக்கச் சொல்லலாம். தமிழ் நூல்களை மின்வடிவில் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்திலும், ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்திலும் நூல்கள் இலவசம், இறக்கி, ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை செட்டிங்ஸில் உள்ள வாசித்துக்காட்டும் வசதியில் தமிழ்க் குரலைப் போட்டால் ஓடும். கட்டுரைக்கு இது போதும். கதைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் எழுத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று ஒலி, இயந்திரம் பழகாத ஊர்ப்பெயரிலும் ஆங்கிலச் சொல்லிலும் தடுமாறுகிறது, மு.வ., கி.பி. மாதிரிச் சுருக்கங்களில் புள்ளியைப் பார்த்து வாக்கியம் முடிந்துவிட்டதாக நினைத்து நிற்கிறது. போகப்போகச் சரியாகலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு

கண்புரை, சின்ன எழுத்து என்று படிப்பதை விட்டுவிட்ட அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ ஏற்பாடு செய்கிறீர்கள் என்றால் ஆப்பைக் கற்றுக்கொடுப்பதில் நேரத்தைக் கழிக்காதீர்கள். பழைய ஃபோன் ஒன்றில் சிம் எடுத்துவிட்டு, ஒரே ஒரு புத்தகத்தை இறக்கி, முகப்பில் அந்த ஒரு ஐகானை மட்டும் வைத்துக் கொடுங்கள். முடிந்ததும் அடுத்ததை நீங்களே மாற்றுங்கள். அவர்கள் இளவயதில் பத்திரிகையில் தொடராகப் படித்தது எது என்று கேட்டு அதிலிருந்து ஆரம்பித்தால் முதல் நாளே ஒட்டிக்கொள்வார்கள். ஹெட்போனைப் பெரும்பாலானவர்கள் விரும்புவதில்லை, சின்ன ஸ்பீக்கர் வாங்கிக் கொடுங்கள், வேகத்தை 0.9-ல் வையுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 2016-ல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது, உறுப்பினராகப் பதிந்தால் பல இந்திய மொழி நூல்கள் அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவில் கிடைக்கும், பதிவு செய்யும் வேலையை மட்டும் வீட்டில் யாராவது கூட உட்கார்ந்து முடித்துக்கொடுங்கள்.